புளியமரத்து நிழலில் ஜெசிந்தா

சுத்தம் பண்ணிவிட்டார்களாம். கல்லறைத் தோட்டம் முழுக்க ஒரு புல் பூண்டு இல்லையாம், இலை போட்டுச் சோறு சாப்பிடலாமாம், அவ்வளவு சுத்தமாம். காலையில் பால் வாங்கிவிட்டுத் திரும்பும்போது எதிர்வீட்டு விக்டோரியாதான் வழிமறித்துச் சொன்னாள். "நம்ம கோயில் இளைஞர்கள்லாம் சேந்து ரெண்டு நாளா மம்பட்டியும் கையுமா நின்னு பளிச்சுன்னு ஆக்கிப்புட்டாங்க அத்தை. போய்ப் பாருங்க, நம்ம கல்லறையா இதுன்னு கேப்பீங்க." சலேத்தம்மாள் சிரித்துவைத்தாள். நல்ல காரியம்தான் என்று சொல்லவும் செய்தாள். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து பாலை அடுப்பில் வைத்தவளுக்கு, அது பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, தீய்ந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் தான் அடுப்பு முன்னால் நிற்பதே தெரிந்தது. எந்த மாதிரிச் சுத்தம் என்று விக்டோரியாவிடம் கேட்டிருக்கலாம். புளியமரத்து மூலையையும் செய்தார்களா என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள். பதில் தெரியாத வரைக்கும் செடி அங்கேதான் இருக்கிறது, போன மாதம் பார்த்த மாதிரியே, ஜெசிந்தாவின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் பச்சைப் போர்வை போர்த்தினாற்போல, நடுவில் அங்கங்கே ஊதாப் பூவோடு. பாழாய்ப்போன காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் அவளே போய் நின்றிருப்பாள். இது களை இல்லை தம்பிகளா, நான் வைத்த செடி, இதை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பாள். இரண்டு வாரமாகக் கஞ்சியும் மாத்திரையுமாகப் படுத்துக் கிடந்தவளுக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள், உன் நாத்தனார் மேல் மம்பட்டி விழப்போகிறது என்று.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினாள். இரண்டு கைக்கும் இரண்டு கேன், சமையல் எண்ணெய் வாங்கின பழைய கேன்கள். வழக்கமாக நிறைத்துத் தூக்கிக்கொண்டு போவாள், இன்றைக்கு உடம்பு கேட்காது என்று அரையும் குறையுமாகப் பிடித்தாள். மெழுகுதிரியையும் தீப்பெட்டியையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, நாலு வீடு தாண்டியதும் பூட்டினோமா என்று தோன்றித் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. ஜெசிந்தா இருந்தால் இந்த வேலையே இல்லை. "பூட்டலை மதினி" என்பாள், கண்ணெதிரே பூட்டியிருந்தாலும். இல்லை பூட்டிவிட்டேன் என்று இவள் சொல்வாள், அதற்கு அவள் ஒன்று சொல்வாள், தெருமுனை வரைக்கும் அதே பேச்சு ஓடும், அந்தச் சண்டையில் பூட்டினது நன்றாக மனதில் பதிந்துவிடும். இப்போது எதுவும் பதிவதில்லை. ஜெசிந்தா அவள் புருஷனின் தங்கை. புருஷன் சூசைராஜ் பம்பாய்க்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், ஒரு வருஷம் மணியார்டர் வந்தது, அப்புறம் நலம் விசாரித்துக் கடுதாசி மட்டும் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. செத்தானா, இன்னொருத்தியோடு பிழைத்துக்கொண்டானா என்று இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை. வீட்டில் மிஞ்சியது அவன் பெண்டாட்டியும் அவன் தங்கையும். கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்ற ஜெசிந்தாவுக்குத் தையல் மிஷின், சலேத்துக்குச் சத்துணவுக் கூடத்தில் சமையல். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரு நாள் தவறாமல் சண்டை. இவள் குழம்பில் புளி கூடிப்போச்சு என்றால் அவள் பத்தவேயில்லை என்பாள். இவள் அந்தப் பெண் சிவப்பு என்றால் அவள் மாநிறம் என்பாள். இவள் சிறுமலைப் பக்கம் இருட்டுகிறதே, மழை வரும் என்று கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனால், வராது மதினி, போட்டுட்டு வா என்பாள். அநேகமாக வராது. அதுதான் எரிச்சல்.

இன்றைக்கும் சிறுமலைப் பக்கம் இருட்டிக்கொண்டுதான் இருந்தது. ஐப்பசி பாதி போய்விட்டது, மண்ணில் இன்னும் ஒரு சொட்டு விழவில்லை. வருகிற மாதிரி வந்து வந்து கலைகிறது. மழை வரும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வராது என்று யாரும் சொல்லவில்லை. சொன்னது சொன்னபடி நின்றது. மூன்று வருஷமாக இப்படித்தான், அவள் எதைச் சொன்னாலும் அப்படியே நின்றுவிடுகிறது. குழம்பு நன்றாயிருக்கிறது என்று சொன்னால் நன்றாயிருக்கிறது. அந்த ஆள் மோசம் என்று சொன்னால் மோசம். எதிர்த்துப் பேச ஆளில்லாத வீட்டில் தான் சொல்வது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியாமல் போய்விட்டது. விக்டோரியா இருக்கிறாள்தான், ஆனால் அவள் எல்லாவற்றுக்கும் ஆமா அத்தை, ஆமா அத்தை என்கிறவள். சலேத்தம்மாளுக்குத் தனிமையாக இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது. புருஷன் போனதற்கு அழாதவள், நாத்தனார் போனதற்கு மூன்று வருஷமாக அழுகிறாள் என்றால் ஊர் சிரிக்காதா. வலது கைக் கேன் தொடையில் இடித்து இடித்துச் சேலை நனைந்துகொண்டிருந்தது. மூடி சரியாக இல்லை. தண்ணீர் இப்படியே போனால் அங்கே போய்ச் சேரும்போது என்ன இருக்கும். கேனைக் கீழே வைத்து மூடியை இறுக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். பக்கத்தில் ஆட்டோவில் ஒரு குடும்பமே கேந்திப்பூ மாலையும் மெழுகுதிரிக் கட்டுமாகக் கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் இன்றைக்குக் கல்லறைத் திருநாள், செத்தவர்களை நினைக்கிற நாள். சாயங்காலம் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பார், ஊரே திரியும் கையுமாக நிற்கும். அதற்குள் போய்விட வேண்டும். திரி எரிகிற கல்லறைக்குத்தான் ஆள் உண்டு, எரியாததற்கு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவிப்பு வாசித்தார்கள் என்று விக்டோரியா வந்து சொன்னாள். புளியமரத்து மூலையில் சிமெண்ட் பூசாத மண் கல்லறைகளில் கேட்பாரற்றுக் கிடப்பதையெல்லாம் தை மாதத்தில் தோண்டி, புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். வேண்டும் என்கிறவர்கள் இந்தத் திருநாளன்று திரி ஏற்றி, கோயில் வேலையெல்லாம் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் இடத்தைக் காட்டிவிட வேண்டும். அவர் சுற்றிச் சுண்ணாம்புக்கோடு போட்டுவிடுவார். புதிதில்லை, இடம் கொஞ்சமாக இருக்கிற ஊரில் காலங்காலமாக நடப்பதுதான். ஒருத்தர் எலும்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு இன்னொருத்தர் படுத்துக்கொள்வது.

சிமெண்ட் பூசியிருந்தால் இந்தப் பயமே இல்லை. பூசக்கூடாது என்று சொன்னவள் ஜெசிந்தாதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோதும் வாய் மட்டும் குறையவில்லை. "எம் மேல சிமெண்ட்டப் பூசித் தொலச்சிராத மதினி. சித்திர வெயில்ல தோசக்கல்லு மாதிரி கொதிக்கும். எதாச்சும் செடிய வையி." செத்த பிறகு சூடு தெரியுமாடி என்று இவள் கேட்டாள். "ஏன், நீ போயி பாத்துட்டு வந்தியா?" என்றாள் அவள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தேவிட்டாள். சரி, செடி வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது, புளியமரத்தடியில். ஊரில் வேறு எந்த மரத்தடியாக இருந்தாலும் ஒரு கை பார்த்திருப்பாள். புளியமரம் தன் காலடியில் ஒன்றையும் வாழ விடாது. மேலே மழை பெய்தால் கூரை மாதிரி தாங்கிக்கொள்ளும், கீழே ஒரு சொட்டு இறங்காது. வெயிலும் இறங்காது. விழுகிற பொடி இலையெல்லாம் மெத்தை மாதிரி சேர்ந்து மண்ணைப் புளிக்க வைக்கும். முதல் வருஷம் பத்துமணிப்பூ வைத்தாள். அது வெயிலைத் தேடித்தேடிக் கொடிபோல நீண்டு, பூக்காமலே வெளிறிச் செத்தது. நித்தியகல்யாணி வைத்தாள், எங்கே வைத்தாலும் வரும் என்று சொன்னார்கள். வந்தது, ஆனால் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஜெசிந்தாவை விட்டுப் பக்கத்துக் கல்லறையில் போய்ப் படுத்துக்கொண்டது. கனகாம்பரம் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. நிழலுக்கு அது ஆகும். தண்ணீருக்குத்தான் ஏங்கிப்போனது. ஒரு நாள் கரண்டியால் மண்ணைக் கிளறிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மண் முழுக்கப் புளியமரத்துச் சல்லிவேர், சிக்குப்பிடித்த தலைமுடி மாதிரி. அவள் நாள் தவறாமல் சுமந்துகொண்டுவந்த தண்ணீரையெல்லாம் மரம் குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போல மேலே நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு அந்த மரத்தைப் பார்த்து அவள் வைத வசவு, கல்லறையில் பேசக்கூடிய வசவு இல்லை.

கடைசியில் விடை ரேஷன் கடைக்குப் பின்னால் இருந்தது. வரிசையில் நின்று கால் கடுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தவள் எதேச்சையாகக் குனிந்து பார்த்தாள். சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில், வெயில் எட்டாத, தண்ணீர் ஊற்றாத, உடைந்த செங்கல்லும் குப்பையுமான சந்தில் பட்டாசுக்காய்ச் செடி மண்டிக்கிடந்தது. ஊதாப் பூ, கல்லறைத் திருநாளுக்குச் சாமியார் போடுகிற அங்கியின் நிறம். யாரும் வைத்தது இல்லை, யாரும் கவனிப்பதும் இல்லை. பிடுங்கிப் பார்த்தாள், லேசில் வரவில்லை. வேரில் விரல் விரலாகக் கிழங்கு. ஓகோ, தண்ணியை உள்ளே சேத்து வச்சிக்கிற ஆளா நீ என்று சொல்லிக்கொண்டு ரேஷன் பையில் போட்டுக்கொண்டாள். புளிய இலையை வாரி ஒதுக்கி, சல்லிவேரை அரிவாள்மனையால் அறுத்து அறுத்துக் குழி பறித்து, வீட்டுச் சாம்பலும் மட்கின இலையும் போட்டுக் கிழங்கை வைத்தாள். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் ஆழமாக இறங்குகிற மாதிரி நிதானமாக ஊற்றினாள். முதல் ஆறு மாதம் மேலே ஒன்றுமே இல்லை, நாலு இலை. செத்துவிட்டது என்று கைகழுவப் பார்த்தாள். கீழே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த ஆறு மாதத்தில் ஒரு முழம். அதற்கடுத்த வருஷம் விதை தெறித்து, விதை முளைத்து, மேடு முழுக்க மூடிவிட்டது. பூ காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் உதிர்ந்துவிடும். சாயங்காலம் போகிறவளுக்குத் தரையில் கிடக்கிற பூதான் வாய்க்கும். அதையும் குறை சொல்வாள் ஜெசிந்தா. காலம்பற வந்தா என்ன, உனக்குத் தூக்கம் பெருசு. இன்னொரு தொந்தரவு அந்தக் காய். காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் போதும், டப்பென்று வெடித்து விதையைத் தெறிக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எச்சில் தொட்டு வைத்து விளையாடுமே, அதேதான். தண்ணீர் ஊற்றிவிட்டு அவள் அமைதியாக ஒரு பரமண்டல மந்திரம் சொல்லலாம் என்று கண்ணை மூடினால் அங்கே டப், இங்கே டப். சும்மா இரேன்டி என்பாள். இவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஜெசிந்தா பாவாடை தாவணிக்காரி. இவள் வாளியில் துணி நனைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து ஒரு கைப்பிடிக் காயைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டாள். கைக்குள்ளேயே டப டபவென்று வெடித்ததும் இவள் அலறிக்கொண்டு வாளியோடு தண்ணீரைத் தூக்கி அவள் தலையில் ஊற்றிவிட்டாள். சொட்டச்சொட்ட நின்றுகொண்டு அவள் சிரித்த சிரிப்பு. அதுதான் முதல் சண்டை. அன்றைக்கே சூசைராஜை விட ஜெசிந்தாதான் இந்த வீட்டில் தனக்கு என்று ஏதோ தோன்றியிருக்க வேண்டும். அப்போது தெரியவில்லை.

செடி இல்லாவிட்டால் இடம் தெரியுமா. எங்கிருந்தோ இந்த நினைப்பு வந்து காலைத் தடுக்கியது. தெரியாமல் என்ன, மூன்று வருஷமாகப் போகிறவளுக்கு. மரத்தின் அடித்தூரிலிருந்து வரிசையாக எண்ணினால் ஆயிற்று. முதலில் அந்தச் சின்னக் கல்லறை, பச்சைக்குழந்தை. அதற்கப்புறம் யாரோ வெளியூர்க்காரர். அப்புறம் தொம்மையப்பன், குடித்துக் குடித்தே போன தொம்மையப்பன், உயிரோடு இருந்தவரைக்கும் ஜெசிந்தா அந்த ஆளைத் தெருவில் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் போவாள். அப்புறம் ஜெசிந்தா. இல்லை. ஜெசிந்தா, அப்புறம் தொம்மையப்பன். நித்தியகல்யாணி சாய்ந்தது எந்தப் பக்கம், தொம்மையப்பன் பக்கம். அது மரத்துக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்தது, அப்படியென்றால் தொம்மையப்பன் மரத்தை விட்டுத் தள்ளி, ஜெசிந்தா மரத்துக்குக் கிட்டே. ஆனால் கீழே இறங்கி நின்றால் இடது கைப்பக்கம் தொம்மையப்பன் என்றல்லவா ஞாபகம். எங்கே நின்றால். சிலுவை இருந்தவரைக்கும் பெயரைப் பார்த்துப் போனாள். அதைக் கரையான் அரித்துத் தின்றபோது செடி வந்துவிட்டது. அதன் பிறகு அவள் இடத்தைப் பார்த்ததே இல்லை. ஊதாவைப் பார்த்துப் போவாள், ஊதா பக்கத்தில் உட்காருவாள், வருவாள். பால் பொங்குகிறது தெரியவில்லை. பூட்டினது தெரியவில்லை. நாளைக்கு ஜெசிந்தாவின் முகமும் இதே மாதிரி எங்கேயோ நழுவிப் போய்விடுமோ. புரையோடின கண்ணுக்குத் தூரத்தில் கல்லறைச் சுவரும் அதற்குமேல் புளியமரமும் கலங்கலாகத் தெரிந்தன. மரம் ஏதோ மாதிரி இருந்தது. என்னவென்று கிட்டே போன பிறகுதான் புரிந்தது. தாழக் கிடந்த கிளையையெல்லாம் வெட்டியிருந்தார்கள்.

விக்டோரியா சொன்னதில் ஒரு பொய் கிடையாது. இலை போட்டுச் சாப்பிடலாம். பணக்காரர்களின் பளிங்குக் கல்லறைகள் கழுவிவிட்டாற்போல மின்னின, நடைபாதையில் புதுமணல், ஓரமெல்லாம் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஊர்ப் பிள்ளைகளுக்கு இருக்கிற பொறுப்பு அவ்வளவையும் காட்டியிருந்தார்கள். புளியமரத்து மூலைக்கு வந்தபோது அந்தப் பொறுப்பு இன்னும் கூடியிருந்தது. மேடு பள்ளமாக இருந்தால் ஜனம் தடுக்கி விழும் என்று மம்பட்டியால் சீவி, ஒரே மட்டமாக, களத்துமேடு மாதிரி ஆக்கிவைத்திருந்தார்கள். ஒரு மேடு இல்லை. ஒரு பச்சை இல்லை. செடியெல்லாம் மதிலோரம் அம்பாரமாகக் குவிந்து, தழை வாடிச் சுருண்டு கிடந்தது. அதில் ஊதா எதுவும் தெரியவில்லை. சலேத்தம்மாள் இரண்டு கேனையும் கீழே வைத்துவிட்டு நின்றாள். அழுகை வரவில்லை. அந்த வெற்றுத் தரையில் ஆறோ ஏழோ பேர் படுத்திருக்கிறார்கள், யார் எங்கே என்று ஒருவர் முகத்திலும் எழுதியில்லை.

"வாங்கக்கா, காய்ச்சல்னு சொன்னாக, தேவலையா?" கோயில்பிள்ளை மிக்கேல் ஒரு கையில் சுண்ணாம்புத்தூள் வாளியும் மறு கையில் கொட்டாங்கச்சியுமாக வந்தார். அவருக்கு அன்றைக்கு மூச்சுவிட நேரமில்லை, முகத்தில் தெரிந்தது. "தேவல மிக்கேலு. இங்க ஒரு செடி இருந்துச்சே." "எல்லாத்தையும் எடுத்தாச்சுக்கா. பயலுக ஒண்ணு விடல. பாம்பு கீம்பு அடையுதுன்னு சாமியாரும் சொன்னாரு." "அது நான் வச்சது." மிக்கேல் தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அடடா. களன்னு நெனச்சிருப்பாங்கக்கா. தெரியாமப் பண்ணிட்டாங்க." பிறகு அவர், வேலை இருக்கிறவர், மெதுவாகக் கேட்டார். "ஜெசிந்தாக்கா எடம் எதுன்னு காட்டுங்க, கோட்டப் போட்டு விட்டுடறேன். சாமியார் கெளம்பிட்டாராம். அப்புறம் தையில குழி தோண்டுறப்ப எங்களுக்குக் கோடுதான் கணக்கு. பாத்துச் சொல்லுங்க." ஒனக்குத் தெரியாதா மிக்கேலு என்று கேட்டாள். "எனக்கு எப்படிக்கா தெரியும். நானே ஒங்க செடியப் பாத்துல்ல அடையாளம் வச்சிருந்தேன்" என்றார் அவர்.

இதோ, இதுதான் என்று கையைக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும். மரத்தூரைப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள். எண்ணினாள். மேடு இருந்தால்தானே எண்ணுவதற்கு. காலால் அளந்து பார்த்தாள், குழந்தைக்கு இவ்வளவு, வெளியூர்க்காரருக்கு இவ்வளவு, பிறகு இங்கே. இங்கேதான். இல்லை, கிளை வெட்டாமல் இருந்தபோது அவள் உட்காருகிற இடத்தில் தலைக்கு மேல் ஒரு கவட்டை இருக்கும், அது இருந்தால் சொல்லிவிடலாம். இங்கே என்றால் ஒரு பாய் அகலம் தள்ளித் தொம்மையப்பன். அங்கே என்றால் இது தொம்மையப்பன். தப்பாகக் காட்டினால் தொம்மையப்பன் சுண்ணாம்புக்கோட்டுக்குள் ராஜா மாதிரி படுத்திருப்பான், அவனுக்கு வருஷாவருஷம் அவள் திரி ஏற்றுவாள், தண்ணீர் சுமப்பாள், பரமண்டல மந்திரம் சொல்வாள். ஜெசிந்தாவைத் தோண்டி எடுத்து ஓரமாகத் தள்ளுவார்கள். செத்த பிறகும் ஒருத்தி மன்னிக்கமாட்டாள் என்று உண்டென்றால் அது இதற்குத்தான். மிக்கேல் வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். தூரத்தில் மணி அடித்தது. இவளுக்கு முப்பது வருஷம் பழகின உடம்பு மண்ணுக்குள் இருக்கிறது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. "இதுதான்" என்றாள் சலேத்தம்மாள், காலடியைக் காட்டி. குரல் அவளுக்கே நம்பிக்கையாக இல்லை. "நிச்சயந்தானக்கா?" "இதுதான். கொஞ்சம் இரு, தண்ணி ஊத்திக்கிறேன்." மூன்று வருஷப் பழக்கம், வந்தவுடன் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். செடி இல்லாத தரைக்கு எதற்குத் தண்ணீர் என்று மிக்கேல் கேட்கவில்லை.

கேனைச் சாய்த்தாள். மாதக்கணக்காகக் காய்ந்த மண், மம்பட்டி சீவி மாவு மாதிரி கிடந்தது. தண்ணீரை வாங்கிக்கொள்ளவே தெரியவில்லை அதற்கு. விழுந்த தண்ணீர் தூசியைப் போர்த்திக்கொண்டு உருண்டு உருண்டு நின்றது. காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை, பிறகு புரிந்தது, காது அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துப் பழகியிருக்கிறது. சத்தம் இல்லை. வெட்டிய கிளையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. மிக்கேல் குனிந்து, கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பை அள்ளினார். உருண்டு நின்ற தண்ணீர் என்ன நினைத்ததோ, சரிவு எந்தப் பக்கம் இருந்ததோ, ஒரு விரல் அகலத்துக்கு வழி பிடித்து, மரத்தூரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்தது. ஒரு பாய் அகலம் போயிற்று. அங்கே போய்ப் பரவி நின்றது. சலேத்தம்மாள் மெழுகுதிரியை முந்தானையிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

டப்.

கை நின்றது. காதில் விழுந்ததா, மனசில் விழுந்ததா. மறுபடி ஒன்று. டப். பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. துரும்பு மாதிரி என்னவோ எம்பி அவள் புறங்கையில் சுள்ளென்று பட்டது. "கோட்டப் போடாத" என்றாள். அவள் போட்ட அதட்டலில் மிக்கேல் கையிலிருந்த சுண்ணாம்பு அப்படியே நின்றது. இரண்டாவது கேனைத் தூக்கிக்கொண்டு, மூட்டு வலியெல்லாம் மறந்து, அந்த ஈரத்தின் பக்கம் போய் மண்டியிட்டு, நிதானமாக, வழக்கமாக ஊற்றுகிற மாதிரியே தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஊற்றினாள். மண்ணோடு மண்ணாகக் கிடந்த காய்ந்த காய்கள், சீவியபோது உதிர்ந்தவை, அதற்கு முன்பே உதிர்ந்து அவள் ஊற்றின தண்ணீர் எட்டாமல் கிடந்தவை, அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இங்கே டப், அங்கே டப், காலடியில் டப டப. நீளவாட்டில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு, அதற்கு வெளியே ஒன்றிரண்டு, அவ்வளவுதான். அவள் முதலில் காட்டின இடத்தில், தொம்மையப்பன் இடத்தில், ஒன்றுகூட இல்லை. அந்த ஆள் எப்போதும் போலத் தூங்கிக்கொண்டிருந்தான். சலேத்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இத்தனை நேரம் வராமல் இருந்த அழுகையும் வந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சரிடி" என்றாள். "நீ சொல்றதுதான் சரி." முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அந்த வீட்டில் சொல்லாத வார்த்தை அது. "இங்கன போடு மிக்கேலு, இந்த ஈரத்தச் சுத்தி." மிக்கேல் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே சுற்றி வந்தார். ஒரு விதை அவர் காலில் தெறித்தபோது மட்டும், "சின்னப் புள்ளையில வெளாண்டது" என்றார்.

மம்பட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கும். விரலை மண்ணுக்குள் விட்டுத் துழாவினாள். சல்லிவேருக்குக் கீழே, கொஞ்சம் தள்ளி, விரல் மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டது. இன்னொன்று. வெளியே எடுக்காமல் மண்ணை மூடிவிட்டாள். திரியை நட்டு, ஏற்றி, காற்று அணைக்காமல் கையால் மறைத்துக்கொண்டாள். வாசல் பக்கம் பாட்டுச் சத்தம் கேட்டது, சாமியார் வந்துகொண்டிருந்தார். சிறுமலைக்கு மேல் முன்னைவிட இருட்டியிருந்தது. "இன்னைக்கு மழை வரும் பாரு" என்று சொல்லிவிட்டு, சலேத்தம்மாள் காதைத் தரைப் பக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தாள். கால்மாட்டில் கடைசியாக ஒரு காய் டப்பென்றது. "வராதா? சரி, பாப்போம்" என்று அவள் சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.